பனியும் தூசியும்: மாடி சோலார் பேனலை எப்போ கழுவணும்?

டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா பையன் ஜனவரியில் ஒரு வீடியோ அனுப்பினான். கூரையில் ஒரு முழத்துக்கு வெள்ளைப் பனி. நீளக் கம்பின் நுனியில் மாட்டிய ஃபோம் பலகையால் சோலார் பேனல் மேலிருந்து அதை இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறான். கூடவே ஒரு வரி: "உங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லண்ணா." நமக்கும் பனி உண்டுடா என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அங்கே கொட்டுவதற்கும் இங்கே மார்கழிக் காத்தால புல்மேல் நிற்பதற்கும் தமிழில் ஒரே பெயர்தான், பனி. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நம்ம பாட்டிமார் சொன்னது மச்சுக்கு மேல் பேனல் வருவதற்கு ரொம்ப முன்னாடி. ஆனால் பேனலுக்கும் அது பொருந்துகிறது. இரண்டு பனியும் பேனலுக்கு என்ன செய்கின்றன என்று பார்க்கப் போய்த்தான் இந்தக் குறிப்பு நீண்டுவிட்டது.

முதலில் அவன் ஊர்ப் பனி. கனடாவில் எட்மண்டன் நகரத்தில் இருக்கும் நெய்ட் என்ற தொழில்நுட்பக் கல்லூரி இதை வருஷக்கணக்கில் அளந்து பார்த்தது. வெவ்வேறு சாய்வுகளில் இரண்டிரண்டாகப் பேனல் வைத்து, ஒன்றில் பனியைத் துடைத்தார்கள், பக்கத்தில் இருந்ததை அப்படியே விட்டார்கள். வருஷ உற்பத்தியில் வித்தியாசம் சில சதவீதம்தான். சாய்வு கூடக் கூட அதுவும் குறைந்தது. காரணம் யோசித்தால் புரியும். பனி விழும் மாதங்களில் அங்கே சூரியனே குறைவு. டொராண்டோவில் டிசம்பர் உச்சி வெயிலுக்கே சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 23 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சேலத்தில் அதே நாளில் 55 டிகிரி. பகலும் அங்கே குட்டை. ஆக, பனி மூடுவது பேனல் எப்படியும் அதிகம் சம்பாதிக்காத நாட்களை. போதாததற்கு அங்கே பேனலை நல்ல சரிவாக வைப்பார்கள். மெல்லிய பனி வழியே கொஞ்சம் வெளிச்சம் இறங்கினால் போதும், கறுப்புப் பேனல் சூடாகி அடியில் ஈரம் விடும், மொத்தமாகச் சறுக்கி விழும். கறை கிடையாது. சித்தப்பா பையன் கூரையில் ஏறாமல் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தாலும் பெரிய நஷ்டமில்லை என்பதுதான் அந்த ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்ட அர்த்தம்.

நம்ம ஊரில் கதை தலைகீழ். சேலத்துக்கு மழையில் பெரும்பகுதி மே முதல் நவம்பர் வரை வந்துவிடும். டிசம்பரில் ஏதோ தூறும். பொங்கலுக்கு அப்புறம் கோடை இடிமழை வரும்வரை சுமார் நூறு நாள் வானம் காய்ந்து கிடக்கும். அந்த நூறு நாளில்தான் வானம் தெளிவு, வெயில் பலம், பேனல் நன்றாகச் சம்பாதிக்கும் காலம். தூசியும் சரியாக அப்போதுதான் படிகிறது. அவர்களுக்கு இழக்க அதிகம் இல்லாத நேரத்தில் பனி வருகிறது; நமக்கு அறுவடை நேரத்தில் தூசி.

அந்தத் தூசியை ஒட்டவைப்பதுதான் நம்ம பனியின் வேலை. ராத்திரியில் பேனலின் கண்ணாடி வானத்தைப் பார்த்துக்கொண்டே தன் சூட்டை வீசிவிடுகிறது. சுற்றியுள்ள காற்றைவிடவே குளிர்ந்து போகும். காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் துளியாக நிற்கும். பகலில் படிந்த தூசி அந்தத் துளியில் நனையும், அதிலிருக்கும் உப்பும் சுண்ணாம்பும் கொஞ்சம் கரையும். காத்தால எட்டு மணி வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிட, கரைந்தது பசை மாதிரி மண்துகளைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துவிட்டுப் போகும். மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. சுவருக்குச் சிமெண்ட் பூசி, தண்ணி தெளித்து, காயவிடுகிற அதே வேலைதான். ஆங்கிலக் கட்டுரைகளில் இதற்கு வைத்திருக்கும் பெயரும் 'சிமெண்ட்டேஷன்'தான். முன்பனி, பின்பனி என்று நம் ஆட்கள் பிரித்து வைத்த நாலு மாசமும், அதாவது மார்கழியிலிருந்து பங்குனி வரை, இந்தப் பூச்சுவேலை நடக்கும் மாசங்கள். காற்று அடித்தால் தூசி பறந்துவிடும் என்ற நம்பிக்கை ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

செவ்வாய்ப்பேட்டைக்கு இன்னும் சில தனி ஏற்பாடுகள் உண்டு. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று ஊரே ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. குளிர்காலக் காத்தாலயில் கிண்ணத்தின் அடியில் குளிர்ந்த காற்று தங்கும், புகையும் அதோடு தங்கும். லீ பஜாரில் நாள் முழுக்க மூட்டை ஏறி இறங்குகிறது. தானியத் தூசி, உமி, லாரி டயர் கிளப்பும் மண். கொலுசுப் பட்டறைகளின் ஊதுகுழல் புகை. தானியம் சிந்துகிற இடத்தில் புறாக்கூட்டம், புறா இருக்கிற இடத்தில் எச்சம்.

இதில் புகைக்கரியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். காந்திநகர் ஐஐடியின் சின்மய் கோரோயும், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பெர்ஜினும் மற்றவர்களும் சேர்ந்து 2017-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஐஐடி வளாகத்துப் பேனல்களைச் சில வாரங்களுக்கு ஒருமுறை துடைக்கும்போது உற்பத்தி ஒவ்வொரு தடவையும் 50 சதவீத அளவுக்கு எகிறியது. படிந்திருந்ததை எடைபோட்டால் 92 சதவீதம் சாதாரண மண்தூசி. மீதிதான் மனிதர் எரித்ததில் வந்த கரியும் உப்புகளும். ஆனால் அந்த மீதி, எடைக்குப் பொருத்தமில்லாத அளவுக்கு வெளிச்சத்தை மறைக்கிறது. துகள் பொடிசு, கறுப்பு, பிசுபிசுப்பு. மண்ணை ஊதிவிடலாம், கரியைத் துடைக்கத்தான் வேண்டும்.

உங்கள் மாடியில் எவ்வளவு படிகிறது என்று தெரிந்துகொள்ள பெரிய கருவி தேவையில்லை. கண்ணாடிக் கடையில் அரையடி ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று வெட்டி வாங்கி, ஓரத்தைத் தேய்த்துக்கொண்டு, பேனலின் அதே சாய்வில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஒரு மாசம் கழித்து, உச்சி வெயிலில் செல்போனில் வெளிச்சம் அளக்கும் ஆப் ஒன்றைத் திறந்து, சென்சார் மேல் அந்தக் கண்ணாடியை வைத்து அளவைக் குறியுங்கள். அப்புறம் கண்ணாடியை நன்றாகக் கழுவித் துடைத்து, அதே இடத்தில், அதே கோணத்தில் மறுபடி. நேர்வெயிலில் சென்சார் திணறினால் இரண்டு தடவையும் அடியில் ஒரே வெள்ளைக் காகிதத்தை வைத்துக்கொள்ளலாம். செல்போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, பரவாயில்லை. நமக்கு வேண்டியது இரண்டு எண்களின் விகிதம்தான். விகிதம் 0.93 என்றால் மாசத்தில் 7 சதவீதம் போகிறது என்று அர்த்தம். இன்வெர்ட்டர் ஆப்பில் வரும் யூனிட்டை மட்டும் பார்த்தால் மேகம், சூடு, சூரியனின் கோணம் எல்லாம் கலந்து குழப்பும்.

சூடு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் பேனல் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் திறன் இழக்கும். ஏப்ரல் மதியம் பேனல் 65 டிகிரிக்குப் போனால் 14 சதவீதம் அதிலேயே காலி. "கழுவியும் கரண்ட் ஏறலையே" என்று கேட்கிறவர்களுக்குப் பாதி பதில் இதுதான்.

இனி கணக்கு. 3 கிலோவாட் அமைப்பு. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் அதிகபட்ச மானியமான 78,000 ரூபாய் கிடைப்பது இந்த அளவுக்குத்தான் என்பதால் நிறைய வீடுகளில் இதுதான் இருக்கிறது. நாளைக்கு 12 யூனிட், யூனிட் 5 ரூபாய் என்று வைப்போம். நாள் வருமானம் 60 ரூபாய். தூசியால் தினமும் 0.3 சதவீதம் கூடுதலாகப் போகிறது என்று வைத்தால், இன்றைக்கு இழப்பு 18 பைசா, நாளைக்கு 36, மறுநாள் 54. நூறு நாளும் கழுவாமல் விட்டால் மொத்தம் சுமார் 900 ரூபாய்.

இப்போ ஆள் வைத்துக் கழுவக் கூலி 500 என்று வையுங்கள். நடுவில் ஒருமுறை கழுவினால் இழப்பு பாதியாகி 450. கூலியோடு சேர்த்து 950. கழுவாமல் விட்டதைவிட 50 ரூபாய் அதிகம்! நீங்களே கீழே நின்று கழுவ முடிந்தால், உங்கள் நேரத்துக்கு 100 ரூபாய் போட்டுக்கொள்ளுங்கள் (குறைவுதான், ஞாயிற்றுக்கிழமைக் கூலி). இரண்டு முறை கழுவினால் இழப்பு 300, கூலி 200, மொத்தம் 500. மூன்று முறை என்றால் 525. ஆக இரண்டு போதும். பொங்கலில் சுத்தமாக ஆரம்பித்தால் மாசி பிறந்ததும் ஒன்று, பங்குனி பிறந்ததும் ஒன்று.

பொறியியல் படித்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். கழுவும் இடைவெளி = 2 × கூலி ÷ ஒரு நாளைக்குக் கூடும் இழப்பு, அதற்கு வர்க்கமூலம். சரக்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது என்று ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் 1913-இல் போட்ட அதே கணக்கு. லீ பஜார் மண்டிக்காரர் இதைச் சூத்திரமே இல்லாமல் மனசில் போடுவார்.

எண்களை உங்கள் வீட்டுக்கு மாற்றிப் போடுங்கள். மேல் ஸ்லாப்பில் யூனிட்டுக்கு 10 ரூபாய் மிச்சமாகிற வீடு என்றால் ஆள் வைத்து ஒருமுறை கழுவுவது லாபம்தான். இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசத்தைத் தாண்டுவதே அபூர்வம் என்கிற வீட்டில் கழுவுவது வெறும் உடற்பயிற்சி. ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட். 2016-இல் முடிந்தபோது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சோலார் நிலையங்களில் ஒன்று. 25 லட்சம் பேனல். அங்கே ஒரு சதவீதம் என்பதே நாளைக்குச் சுமார் 26,000 யூனிட். அதனால் தினமும் ரோபோ துடைக்கிறது, அந்த ரோபோவுக்குச் சார்ஜும் சோலாரிலேயே. அதைப் பார்த்துவிட்டு நம்ம எட்டுப் பேனலுக்குத் தினமும் தண்ணி அடிக்கக் கிளம்பக்கூடாது.

இதுவரை போட்டது தூசி எங்கும் ஒரே சீராகப் படியும் என்ற கணக்கு. நிஜத்தில் இரண்டு இடத்தில் அது உடையும், இரண்டும் கணக்கைவிட மோசம்.

ஒன்று கீழ் விளிம்பு. சேலம் 11.7 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் பேனலைக் கிட்டத்தட்ட படுக்கவைத்த மாதிரி, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில்தான் வைப்போம். பனித்துளி வழிந்து அலுமினிய ஃபிரேமின் உதட்டில் தங்கிவிடும். காய்ந்ததும் அங்கே நாலு விரல்கடைக்கு ஒரு மண் பட்டை. பேனலுக்குள் செல்கள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை. கட்டடத்தில் செங்கல்லைக் கைமாத்தி மேலே ஏற்றுகிற வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் மெதுவானால் வரிசையே மெதுவாகும். பழைய வகைப் பேனலை நெட்டுக்குத்தாக வைத்திருந்தால் கீழ் வரிசைச் செல்கள் மூன்று பிரிவுகளிலும் ஒவ்வொரு கண்ணியாக இருக்கும், அதனால் மெல்லிய பட்டையே மொத்தப் பேனலையும் இழுத்துவிடும். இப்போ வரும் ஹாஃப் கட் பேனலில் மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனி வழி என்பதால் மேல்பாதியாவது தப்பிக்கும்.

இரண்டாவது எச்சம். ஒரு செல்லை முழுசாக மறைத்தால் அது மின்சாரம் கொடுப்பதை நிறுத்துவதோடு விடாமல் மற்ற செல்களின் மின்சாரத்தைத் தின்று சூடேற ஆரம்பிக்கும். பைபாஸ் டயோடு என்று ஒரு மாற்றுவழி வைத்திருப்பது இதற்காகத்தான். ஆனாலும் மாசக்கணக்கில் அப்படியே விட்டால் அந்த இடம் பழுத்துப்போகும். தூசி யூனிட்டைக் குறைக்கும், எச்சம் பேனலையே கெடுக்கும். நேரமில்லை என்றால் எச்சத்தையும் கீழ்ப் பட்டையையும் மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அடுத்த மழைக்கு விட்டுவிடலாம்.

எந்தத் தண்ணி என்பதில்தான் நம்ம பக்கம் நிறைய பேர் பேனலைப் பாழாக்குகிறார்கள். மாடி டேங்கில் இருப்பது போர் தண்ணி. பாறையில் துளைத்த போர். பக்கெட் ஓரத்தில், குழாய் வாயில் படியும் வெள்ளை உப்பு எல்லோர் வீட்டிலும் தெரிந்ததே. கரைந்த உப்பின் அளவை டிடிஎஸ் என்பார்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை அனுமதி. உங்கள் போரில் 1,000 என்று வைப்போம். கழுவியபின் இரண்டு சதுரமீட்டர் பேனலில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குத் தண்ணி தங்கினாலும் அது 200 மில்லி, அதில் 0.2 கிராம் உப்பு. அது காய்ந்து அங்கேயே நிற்கும். வாராவாரம் கழுவினால் நூறு நாளில் கிட்டத்தட்ட 3 கிராம், பெரும்பகுதி அதே கீழ் விளிம்பில். தூசியாவது மழையில் போகும். இந்தச் சுண்ணாம்புத் திட்டு மழைக்கு அசையாது. சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று வாரம் தவறாமல் உப்புத்தண்ணி அடிக்கிறவர் பேனலைவிட ஒன்றும் செய்யாமல் விட்டவர் பேனல் நன்றாக இருக்கும்.

ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணி கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. நம்ம வேலைக்கு அருமை. மழைத்தண்ணி பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. மாநகராட்சிக் காவேரித் தண்ணி போரைவிட எவ்வளவோ மேல், ஆனால் அதைப் பேனலுக்கு ஊற்ற மாசியில் மனசு வராது. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவுத்தண்ணியைப் 'வீணாக்காமல்' பேனலுக்கு ஊற்றுவதை ரெண்டு மூணு மாடிகளில் பார்த்தேன். நல்ல எண்ணம்தான், ஆனால் உள்ளே போன உப்பெல்லாம் செறிந்து வருவது அந்தக் குழாயில்தான். அதைத் தரை கழுவ வையுங்கள். வேறு வழியே இல்லை, போர் தண்ணிதான் என்றால் ரப்பர் வைப்பரால் ஒரு சொட்டுத் தங்காமல் வழித்துவிடுங்கள்.

தண்ணியே இல்லாமலும் ஒரு வழி உண்டு, அதுவும் நம்ம பனியே தருவது. தை, மாசியில் காத்தால ஆறு மணிக்குக் கண்ணாடி முழுக்கத் துளி நிற்கும். அது காய்ச்சி வடித்த தண்ணிக்குச் சமம். ராத்திரியே தூசியை ஊறவைத்தும் விட்டது. வெயில் ஏறி ஒட்டவைக்கும் முன்னால் மைக்ரோஃபைபர் மாப்பை ஒருமுறை நனைத்துப் பிழிந்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. எட்டுப் பேனலுக்கு அரை பக்கெட் போதும்.

உலர்ந்த தூசியை உலர்ந்த துணியால் மட்டும் தேய்க்க வேண்டாம். கண்ணாடிமேல் வெளிச்சம் தெறிக்காமல் இருக்க ஒரு பூச்சு உண்டு, கனம் நூறு நானோமீட்டர் சொச்சம். மணல்துகள் அதைக் கீறும். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும், பாத்ரூம் ஆசிட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஆசிட் அலுமினிய ஃபிரேமையும் தின்னும். மதியம் கொதிக்கிற கண்ணாடியில் சில்லென்று தண்ணி ஊற்றுவதும் கூடாது. கண்ணாடிக்கும் நல்லதல்ல, துடைப்பதற்குள் தண்ணி காய்ந்து உப்பைப் பதித்துவிடும்.

மணல் என்றதும் செவ்வாய் ஞாபகம் வருகிறது. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் வந்த பேட்டையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கிரகத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2018-இல் அங்கே இறங்கிய இன்சைட் கலத்தின் பேனல்களில் தூசி மூடி மின்சாரம் குறைந்துகொண்டே வந்தது. துடைக்க ஆளில்லை. 2021-இல் நாசா பொறியாளர்கள் கலத்தின் கையால் மணலை அள்ளிப் பேனல் பக்கத்தில் மெதுவாகத் தூவவிட்டார்கள். பெரிய மணல்துகள்கள் காற்றில் துள்ளிப்போகும்போது பொடித்தூசியையும் அடித்துக்கொண்டு போயின. கிடைத்த லாபம் நாளைக்குச் சுமார் 30 வாட்-மணி. நம்ம வீட்டு 9 வாட் எல்இடி பல்பு மூணு மணி நேரம் எரியலாம். ஆனாலும் தூசிதான் ஜெயித்தது, 2022 டிசம்பரில் கலம் ஓய்ந்தது. அதற்கு முன்னால் போன ஆப்பர்ச்சுனிட்டி வண்டிக்கு வேறு அதிர்ஷ்டம். 90 நாள் திட்டம், அடிக்கடி சுழல்காற்று வந்து பேனலை ஊதிவிட்டதால் 2004 முதல் 2018 வரை ஓடியது. அங்கே பனித்துளியில் நனைந்து ஒட்டுகிற சங்கதி நம்ம அளவுக்கு இல்லை என்பதும் ஒரு காரணம்.

கடைசியாக, உண்மையில் ஆபத்தான விஷயம். மாடியில் துணி காயப்போட இடம் வேண்டும் என்று எட்டடி உயர ஸ்டாண்ட் போட்டு அதன்மேல் பேனல் வைக்கிறார்கள். கழுவுவதற்கு வழி யாரும் யோசிப்பதில்லை. அப்புறம் ரிட்டயர் ஆன அப்பாவோ, கூலிக்கு வந்த பையனோ ஈரக்காலோடு கம்பிமேல் நின்று எட்டித் துடைப்பார்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் வரிசையில் மின்சாரம் இருக்கும். எட்டுப் பேனல் தொடரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் டிசி. எலி கடித்த ஒயரோ விரிசல் விட்ட கண்ணாடியோ இருந்தால் ஈரத்தில் கை வைக்கக்கூடாது. இன்னொரு பக்கம் நம் கணக்கையும் பாருங்கள். நூறு நாளுக்கு 900 ரூபாய். அதற்காக யாரும் அந்த ஸ்டாண்டில் ஏற வேண்டியதில்லை. தரையில் நின்று எட்டுகிற நீளக் கம்பு மாப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், உலோகக் கம்பு இல்லாமல் ஃபைபர் கம்பாக. எட்டாத பேனலை மே மாச மழைக்கு விட்டுவிடுங்கள். புதுசாகப் போடுகிறவர்கள் கடைசி வரிசையை ஒட்டி இரண்டடி நடைபாதைத் தட்டும் கைப்பிடியும் இப்போதே கேட்டு வாங்கிவிடலாம். பின்னால் வெல்டிங் வைப்பதைவிடச் செலவு குறைவு.

என் மாடியில் இப்போது மூன்று கண்ணாடித் துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றை வாராவாரம் போர் தண்ணியில் கழுவி அப்படியே காயவிடுகிறேன். இன்னொன்றை ஏசி தண்ணியில். மூன்றாவதைத் தொடுவதில்லை. முதல் கோடை மழை வந்து மூன்றையும் நனைத்த மறுநாள் உச்சி வெயிலில் அளந்து எண்களைப் போடுகிறேன்.